கொதிக்கும் காரும் கச்சான் காற்றும்

திருகோணமலைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் கோணேசர் கோயிலைப் பற்றியும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். நான் போனது கோயிலுக்கும் இல்லை, கிணற்றுக்கும் இல்லை. ஒரு வாட்டர் பம்ப் கொடுக்கப் போனேன். வெந்நீர் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் கிடைத்தது என்றாலும் அது ரேடியேட்டர் வெந்நீர்.

குணரத்தினமும் நானும் கோயம்புத்தூரில் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவன் ஊருக்குப் போய்க் கச்சேரியில் அதிகாரியாகி, ஓய்வும் பெற்றுவிட்டான். அங்கே கச்சேரி என்றால் மாவட்ட அரசு அலுவலகம். நான் கோவையிலேயே பம்ப் வார்க்கும் பட்டறை வைத்துக் காலம் தள்ளியவன். ஒருநாள் அவன் போன் செய்து, தன்னிடம் இருக்கும் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் கொதித்துக் கொதித்து உயிரை எடுக்கிறது, வாட்டர் பம்ப் போய்விட்டது போலிருக்கிறது, இலங்கையில் தேடிக் கிடைக்கவில்லை என்றான். பம்ப் இல்லை என்று கோயம்புத்தூர்க்காரனிடம் ஒருவர் சொன்னால் அதை அப்படியே விட்டுவிட முடியுமா? அளவுகளையும் படங்களையும் அனுப்பச் சொல்லி, வார்த்து, கடைந்து, நாலு வேட்டிக்கு நடுவில் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து வேட்டியை விலக்கிப் பார்த்தார். எந்த வண்டிக்கு என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டபோது ஆங்கிலத்தில் விளக்கினார். அவருடைய சித்தப்பா அதே மாதிரி கார் ஒன்றை வைத்திருந்தாராம், அதை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகமாம். எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார்.

குணாவின் வீடு ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறது. வாசலில் நின்றால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்க, அதில் ஒரு பெரிய கப்பல் எங்கும் போகிற எண்ணமே இல்லாமல் நின்றது. ஆனால் குணா எனக்குக் கப்பலைக் காட்டவில்லை. கையைப் பிடித்து நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். கரும்பச்சை நிறத்தில், இடுப்பு உயரம்கூட இல்லாமல், இரண்டே இருக்கைகளோடு அந்தக் கார் நின்றது. மேலே துணிக் கூரை, அதையும் மடக்கிவிட்டிருந்தான். அழகான கார்தான், பொய் சொல்லக்கூடாது. பிள்ளைகள் இருவரும் கனடாவில். வேலையும் முடிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்க அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அவன் மனைவி ரஞ்சி இராச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் செய்திருந்தார். நம் ஊர் இடியாப்பம் தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாகக் குழந்தைகளுக்கானது. இங்கே அது பெரியவர்களின் சாப்பாடு. சொதியில் ஊறவைத்து, சம்பலைத் தொட்டுக்கொண்டு, கணக்கில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது ரஞ்சி விஷயத்துக்கு வந்தார். கார் அவருடைய பெயரில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய மாமா அவருக்குக் கொடுத்தது. போன தை மாதம் கந்தளாயில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு, நெல் மூட்டை ஏற்றிப்போன உழவு மிசின் பெட்டியில், அதாவது டிராக்டர் டிரெய்லரில், உட்கார்ந்து அவர் தங்கை வீட்டுக்குப் போய் இறங்கினார். அந்தப் படம் இன்னும் உறவினர்களின் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின்ர புது வீடு குடிபூரல், அண்ணை. உந்தக் காரிலதான் போகப்போறன். கொதிக்காமல் போய்க் கொதிக்காமல் வந்தால் இருக்கட்டும். இல்லாட்டில் திங்கக்கிழமை கொழும்பில இருந்து ஆள் வருது, குடுத்துவிடப் போறன்" என்றார். சண்டைக் குரலே இல்லை. இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா என்பதைப் போலத்தான் சொன்னார். குணா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டாவது தரம் இடியப்பம் வாங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிண்ணியாப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நியாஸின் கராஜுக்குப் போனோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிண்ணியா முஸ்லிம்கள் நிறைந்த ஊர், நியாஸும் அங்கேதான். நாற்பது வயதிருக்கும், வேலையில் அவசரமே கிடையாது, வாயைத் திறப்பதும் குறைவு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று பொருள். வரவில்லை. ரப்பர்க் குழாய்களைப் பிசைந்து பார்த்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தார். தண்ணீர் சூடானதும் அது ஒழுங்காக வாயைத் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே அடுப்பிலிருந்து பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. சட்டி வேறு என்று நம்பித்தான் குடித்தேன்.

கடைசியில் என்னுடைய பம்ப்பை எடுத்தார். தண்டை விரலால் சுழற்றி, காதோடு வைத்துக் கேட்டார். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவன் போல நின்றேன்.

"நல்ல சாமான். ஆனா இதில இருக்கிற பம்ப்பும் நல்லாத்தான் ஓடுது, சேர். ஓடுறதக் கழட்டப்படாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்த பம்ப்பை ஒரு மனிதன் இப்படி மேசையில் வைத்துவிட்டுப் போகலாமா? ஆனால் அவர் சொன்னது சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போனது.

பிறகு என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். பாலத்தைத் தாண்டி, கிண்ணியாக் கடைத்தெருவில் நெளிந்து, வயல் பக்கம் போய் ஒரு மிதி மிதித்துத் திரும்பினோம். வெப்ப முள் நடுவிலேயே நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் கார் குளுகுளுவென்று இருந்தது. திரும்பி வந்ததும், காருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று குணாவிடம் சாவியை நீட்டினார். அங்கே வருத்தம் என்றால் நோய். குணா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் முகம் இன்னும் கறுத்தது. மற்றவர்கள் ஓட்டினால் கொதிக்காது, அவன் ஓட்டினால் மட்டும்தான் கொதிக்கும் என்று ரஞ்சி இத்தனை நாளாகச் சொல்லி வருகிறாராம். இப்போது அதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. வழியில் கிண்ணியாத் தயிர் வாங்கிக் கொடுத்தான். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே பாணி என்கிற பாகு. கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. அதைத் தின்றும் அவன் தெளியவில்லை.

சனிக்கிழமை காலையில், தான் ஓட்டி எனக்குக் காட்டுகிறேன் என்று சாம்பல்தீவுப் பக்கம் கூட்டிப்போனான். அன்றைக்குத்தான் அவன் கார் ஓட்டும் முறை எனக்குப் புரிந்தது. கச்சேரியில் வேலை பார்த்தவனுக்கு ஊரில் தெரியாத ஆள் இல்லை. காணி உறுதி என்கிற நிலப் பத்திரத்திலிருந்து ஓய்வூதியம் வரை அவனிடம் கேட்க எல்லோருக்கும் ஏதாவது இருக்கிறது. கூரை இல்லாத காரில் போகிறவன் ஒளியவும் முடியாது. மீன் சந்தை முனையில் ஒருவர் கையைக் காட்டினார், நின்றான். பேருந்து நிலையத்தில் ஒருவர், நின்றான். தெருவைக் கடந்த ஒரு மான்கூட நின்று இவனைப் பார்த்தது. இந்த ஊரில் மான்கள் நம் ஊர் மாடுகளைப் போலத் தெருவில் திரிகின்றன. மானுக்கு மட்டும் இவனிடம் கேட்க ஒன்றும் இல்லை.

நிற்கும்போது எஞ்சினை அவன் அணைப்பதில்லை. ஸ்டார்ட்டர் சமயத்தில் மக்கர் செய்யுமாம். அதற்குப் பதிலாக டாஷ்போர்டில் இருந்த ஒரு சுவிட்சைப் பெருமையோடு தட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன் தன் கையாலேயே ஒரு மின்சார ஃபேன் பொருத்தியிருக்கிறான், ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து கழற்றியது. எஞ்சினோடு சுற்றும் பழைய ஃபேன் பின்னால் இருக்க, இது கூடுதல் பாதுகாப்பு. நின்று பேசும்போதெல்லாம் போட்டுவிடுவானாம். நானும் நல்ல யோசனை என்று பாராட்டினேன்.

சாம்பல்தீவில் கடற்கரை வரை போய்க் காரைத் திருப்பிக்கொண்டு கிளம்பும்போது, வலை பிரித்துக்கொண்டிருந்த அருள்தாஸ் என்ற மீனவர் எழுந்து வந்தார். படகுப் பதிவு விஷயமாக ஒரு சந்தேகம். குணா சுவிட்சைத் தட்டினான், பேச்சு தொடங்கியது. நான் இறங்கிக் காருக்கு முன்னால், அதைப் பார்த்தபடி நின்று சோம்பல் முறித்தேன். காலில் அனல் காற்று அடித்தது. ஓகோ, இதுதான் கச்சான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்த நாளிலிருந்து எல்லோர் வாயிலும் கச்சான்தான். ஆடி மாதத்தில் எங்கள் கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்ந்து வருகிற அதே தென்மேற்குக் காற்று, இந்தத் தீவைக் குறுக்கே கடந்து வருவதற்குள் காய்ந்து, திருகோணமலையில் அடுப்பு ஊதுகிற மாதிரி வீசுகிறது. எங்கள் ஊருக்கு மட்டும் நல்ல பிள்ளையாக வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையில் நிற்கும்போதே கார் கொதித்தது. முன்மூடியின் இடுக்கில் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. குணா எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. "முடிஞ்சுது மச்சான்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு கார்தானே என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லாமல் விட்டது நல்லது.

அருள்தாஸ் எங்களை நிழலில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். துக்க வீட்டில் பேச்சை மாற்றுகிறவர்கள் செய்வதைப் போல நான் காற்றைப் பற்றி ஆரம்பித்தேன். உங்கள் கச்சான் காலையிலேயே காலைச் சுடுகிறதே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னும் தொடங்கேல்லையே, ஐயா. வெயில் ஏறத்தான் அது வரும். வந்தாலும் அந்தப் பக்கத்தால, தரையால எல்லோ வரும்" என்று ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் ரோட்டைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன். காரின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. அதற்கு முன்னால் நான் நின்றபோது கச்சான் வந்திருந்தால் என் முதுகில் அடித்திருக்க வேண்டும். எனக்குச் சுட்டது காலின் முன்பக்கம். அப்படியென்றால் அந்த அனல் காரின் வாயிலிருந்தல்லவா வந்திருக்கிறது? காற்று உள்ளே போக வேண்டிய வாய் அது.

கார் ஆறும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. தப்பாகிவிட்டால் அவனுக்கு இன்னொரு தடவை நம்பிக்கை உடையும். அருள்தாஸின் கிணற்றில் தண்ணீர் அள்ளி நிரப்பி, எஞ்சினைப் போடச் சொன்னேன். வீரகேசரித்தாளா எதுவோ, அங்கே கிடந்த செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் காரின் முன்வலையில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. காற்று உள்ளே போகிறது, சரி. இப்போது உன் சுவிட்சைப் போடு என்றேன். போட்டான். காகிதம் பறந்து வந்து என் மார்பில் விழுந்தது. அணைக்கச் சொன்னேன், ஒட்டியது. போடச் சொன்னேன், பறந்தது. அருள்தாஸும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுத்துத் தள்ளுவதற்காகச் செய்தது. பின்னால் இடமில்லை என்று குணா அதை முன்னால் பொருத்தியிருக்கிறான். முன்னால் வந்த பிறகும் அது தன் வேலையை மறக்காமல் ரேடியேட்டரிலிருந்து சூட்டை இழுத்து வெளியே ஊதுகிறது. பழைய ஃபேன் உள்ளே இழுக்க, இது வெளியே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் ரேடியேட்டர் வெந்து போகிறது. ஓடும்போது எதிர்க்காற்றின் வேகத்தில் இது தெரியாது. நின்று பேசும்போதுதான் தெரியும். கார் கொதிக்காமலிருக்க அவன் எப்போதெல்லாம் சுவிட்சைப் போட்டானோ, அப்போதெல்லாம் கொதிக்கவைத்திருக்கிறான். காலில் பட்ட சூட்டை இரண்டு வருஷமாக ஊரே கச்சான் என்று எடுத்துக்கொண்டு அவனோடு நின்று பேசியிருக்கிறது.

குணா வெகு நேரம் பேசவில்லை. அவனை அறிந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நேராகக் கராஜுக்குப் போனோம், நியாஸ் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டார். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது, காகிதம் வலையில் ஒட்டிக்கொண்டது. நேற்று ஏன் இது தெரியவில்லை என்று குணா கேட்டான். "நான் அந்த சுவிச்சத் தொடவே இல்ல, சேர். நான் வழியில நிண்டு கதைக்கிறதில்ல" என்றார் நியாஸ். வீட்டுக்குத் திரும்பும் வழியில் குணா மெதுவாக என்னிடம், கோயம்புத்தூர்ப் பம்ப்பை மாட்டியதால் சரியாகிவிட்டது என்று ரஞ்சியிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நேற்றே திரும்பக் கொண்டுவந்த பம்ப் வீட்டு மேசையில் இருக்கிறதே. உள்ளதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. ரஞ்சி முழுவதையும் கேட்டுவிட்டுக் குசினி என்கிற சமையலறைக்குள் போனார். அங்கிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் காரில் புறப்பட்டார்கள். காரில் இரண்டே இடம் என்பதால் நான் பஸ் ஏறினேன். ஓட்டுநரின் தலைக்கு மேல் புத்தரும் பிள்ளையாரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாலையில், மின்விளக்கு மினுக்க இருந்தார்கள். நம் தனியார் பஸ்களைப் போல இதுவும் எதிரே வருகிறவர்களின் நல்லெண்ணத்தை நம்பியே ஓடியது. வழியில் ஒரு கடை முன்னால் பச்சைக் கார் நின்றது. எனக்குத் திக்கென்றது. ஆவி இல்லை. குணா வெளியே சாய்ந்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தான், ரஞ்சி பட்டுச்சேலையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரத்தில் பஸ் ஆள் ஏற்ற நின்றபோது கார் எங்களைத் தாண்டியது. அடுத்த சந்தியில் மறுபடியும் நின்றுகொண்டிருந்தது.

கந்தளாயில் நான் இறங்கி, குளக்கட்டில் கொஞ்சம் நடந்து, தங்கை வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவர்கள் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பால் பொங்கிவிட்டது. அக்கா வரட்டும் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் ஐயர் முடித்துவிட்டார். நாங்கள் பந்தியில் உட்கார்ந்து கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வரை வந்த பிறகுதான் காரின் சத்தம் கேட்டது. குணா வெற்றிவீரனாக இறங்கி வெப்ப முள்ளை எல்லோருக்கும் காட்டினான். எத்தனை இடத்தில் நின்றாலும் அசையவில்லை என்றான். உண்மைதான். முன்பெல்லாம் கொதித்துவிடும் என்ற பயமாவது அவன் பேச்சைக் கொஞ்சம் சுருக்கி வந்தது. இப்போது அதையும் நாங்கள் சரிசெய்து கொடுத்துவிட்டோம்.

ரஞ்சி தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். பால் பொங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அப்போதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது. குணா காரைக் காட்டிய கையை மெதுவாகக் கீழே போட்டான். அவரிடம் போய் ஏதோ சொல்ல முயன்றான். அவர் கேட்டார், கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

திரும்பும் நேரத்தில், தங்கையும் தன்னோடு ஓர்ஸ் ஹில்லுக்கு வந்து இரண்டு நாள் தங்கட்டும் என்றார் ரஞ்சி. காரில் இரண்டு இடம்தானே என்றான் குணா. ரஞ்சி கையை நீட்டினார். அவன் புரியாமல் பார்த்தான். அவர் கையை எடுக்கவில்லை. சாவி கை மாறியது. நான் பதறிப்போய்த் தங்கையிடம், அக்காவுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். மாமாவின் தோட்டத்து மலைரோட்டில் அக்கா இதே காரை ஓட்டித்தான் லைசன்ஸ் எடுத்தவ, கலியாணத்துக்குப் பிறகு அத்தான்தான் ஸ்டியரிங்கை விடவில்லை என்றார் தங்கை.

குணாவும் நானும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம். பாதி வழியில் ஒரு ஹார்ன் சத்தம், பச்சையாக ஏதோ பக்கத்தில் பறந்து போனது. பின் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று குணாவைக் கேட்டேன். அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தான். "பட்டுச்சேலையோட ஒரு பொம்பிளை எப்பிடி ஓட்டிக்கொண்டு போறா பார் எண்டு கதைக்கினம்." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் ஓட்டுறா என்ன" என்றான்.

நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது கார் கொட்டகையில் ஆறிப்போயே இருந்தது. ரஞ்சி போனில் கொழும்புக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மன்னிக்க வேணும், கார் விற்கிற எண்ணம் இல்லை, காரில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லி வைத்தார். குணாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவரிடம் போய்ச் சாவிக்குக் கையை நீட்டினான்.

ரஞ்சி சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"நாளைக்கு எங்க போகவேணும் எண்டு சொல்லுங்கோ. நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். "இடையில நிப்பாட்ட மாட்டன்."